வெள்ளி டாலரும் விபூதியும்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கோ குங்குமச் சிமிழோ இருக்கும். கறுத்துப் போனால் என்ன செய்வீர்கள்? விபூதியைத் தொட்டுத் துலக்குவீர்கள், பளிச்சென்று ஆகிவிடும். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன், 1881-ஆம் வருடத்து அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றுக்கு.

தாய்மாமா அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொடுத்தது. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்: 26.73 கிராம், நம் கணக்கில் மூன்றேகால் பவுனுக்கு மேல். தலைப்பக்கம் சுதந்திர தேவி, பூப்பக்கம் சிறகு விரித்த கழுகு. வரைந்தவர் ஜார்ஜ் மார்கன் என்ற ஆங்கிலேயர். அதனால் மார்கன் டாலர் என்றே பெயர். தேவியின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் பிலடெல்பியாவின் பள்ளி ஆசிரியை, அன்னா வில்லியம்ஸ். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஓரத்தில் கறுப்பாக இருந்தது, தேய்த்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் பழைய நாணயம் விற்கும் பெரியவர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். “குளிப்பாட்டிட்டீங்களா தம்பி?” என்றார். பிறகு தன் பெட்டியிலிருந்து அதே வருடத்து டாலர் ஒன்றை எடுத்து, இரண்டு விரலால் விளிம்பை மட்டும் பிடித்து, மெல்லச் சுற்றினார். நடுவிலிருந்து ஓரம் வரை ஒளிக்கீற்றுகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழன்றன. என்னுடையதைச் சுற்றினார். எவர்சில்வர் தட்டு மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே பளபளப்பு. எதுவும் சுழலவில்லை.

அச்சு அழுத்தும்போது வெள்ளி வெளிப்பக்கமாகப் பிதுங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மிக நுண்ணிய வரிகள்தான் அப்படி மினுங்குகின்றன. தேய்த்தால் வரிகள் போச்சு, திரும்ப வராது. தரம் பார்ப்பவர்கள் நாணயத்துக்கு 1 முதல் 70 வரை எண் போடுவார்கள். தேய்த்ததற்கு எண்ணே கிடையாது, “துலக்கப்பட்டது” என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். என்னுடையது சாதாரண வருடம், 1 கோடிக்கு மேல் அடித்தது, தப்பித்தேன். அரிய வருடமாக இருந்திருந்தால்? ஆகவே துலக்காதீர்கள். இன்னொரு முறையும் சொல்கிறேன், துலக்காதீர்கள்.

சரி, அரிய வருடம் என்றால் எது? குறைவாக அடித்தது அரிது என்றுதான் எல்லாரும் நினைப்போம். நான் நம்பாத கணக்கு அது. 1903-இல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் 44 லட்சத்துக்கு மேல் மார்கன் டாலர் அடித்தார்கள். அவ்வளவு அடித்தும், 1962 வரை புதுசு கலையாத ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. விலைப்பட்டியலில் 1,500 டாலர். அந்த வருடக் கடைசியில், கிறிஸ்துமஸ் பரிசுக்காக வங்கிகள் வெள்ளி டாலர் கேட்க, பிலடெல்பியா நாணயச்சாலையில் பல வருடம் முத்திரை வைத்துக் கிடந்த ஓர் அறையைத் திறந்தார்கள். பைக்கு ஆயிரமாக, பை பையாக அதே 1903 நியூ ஆர்லியன்ஸ் டாலர்! கொஞ்ச நாளில் விலை முப்பது டாலர் பக்கம் வந்துவிட்டது. வாங்கி வைத்திருந்தவர்கள் வயிற்றில் அடித்த மாதிரிதான்.

இத்தனை பை எப்படிக் கிடந்தது? 1878-இல் ஒரு சட்டம் வந்தது. மாதம் குறைந்தது 20 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும். மக்களுக்கோ இவ்வளவு கனத்தைச் சட்டைப்பையில் சுமக்க மனமில்லை. அடித்ததெல்லாம் பெட்டகத்துக்குப் போனது.

அங்கிருந்து பாதி எங்கே போனது தெரியுமா? நம் பக்கம்தான் வந்தது. முதல் உலகப்போர் நடக்கிறது. இந்தியாவில் மக்கள் காகித நோட்டை நீட்டி, வெள்ளி ரூபாய் கொடு என்று கேட்கிறார்கள். பிரிட்டிஷ் அரசின் கையிருப்பு கரைகிறது. 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் வருகிறது. 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி, இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரூபாய் அடித்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். பாட்டி பெட்டியில் 1918-ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்த ஆசிரியையின் முகம் உருகி அதற்குள் இருக்கலாம்.

எந்த வருடத்து டாலர், எந்த நாணயச்சாலையில் அடித்தது எவ்வளவு உருகியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால்தான் அடித்த எண்ணிக்கையை வைத்து விலை பேசாதீர்கள் என்கிறேன். மிஞ்சியது எத்தனை என்பதுதான் கேள்வி.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார். போலிகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். காந்தம் இழுத்தால் போலி. எடை 26.73-க்குப் பக்கத்தில் வராவிட்டால் சந்தேகப்படுங்கள். 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு லட்சம்தான், மார்கன் ஆசைக்காரர்களின் கனவு அது. அதற்காகவே, அதே வருடத்தில் வேறு ஊரில் அடித்த டாலரில், கழுகின் கீழே மாலை முடிச்சுக்கு அடியில், சான் பிரான்சிஸ்கோவின் அடையாளமான ‘எஸ்’ எழுத்தை ஒட்டி விற்பவர்கள் உண்டு. லென்ஸில் எழுத்தைச் சுற்றிப் பசைக்கோடு தெரிகிறதா பாருங்கள். தலைப்பக்கமும் பாருங்கள். கிரீடத்தில் லிபர்டி என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்து இருக்கும். அசலில் ஆறாவது எழுத்தின் தலையில் மயிரிழை போல ஒரு சாய்ந்த மேட்டுக்கோடு... இசை வந்துவிட்டது. அடுத்த முறை கூப்பிட்டால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.