மண்சுவருக்குச் சீமெந்து பூசலாமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அம்மம்மாவின் மண்வீட்டில் இருந்த குளிர்மை எங்களுடைய கல்வீட்டில் இல்லை. எங்கள் காணியில் மண்ணாலேயே ஒரு வீடு கட்ட ஆசை. மாரிக்குச் சுவர் கரையும், கறையான் ஏறும் என்று எல்லாரும் பயப்படுத்துகிறார்கள். வெளியில் சீமெந்து பூசினால் தாங்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. பூசாதீர்கள். நானே அந்தப் பிழையை விட்டவன். தொழில் தொடங்கின காலத்தில் ஒரு வீட்டுக்காரர், "அயலட்டை சிரிக்கும் தம்பி, பூசித் தாங்கோ" என்று ஒற்றைக்காலில் நின்றார். பூசிக் கொடுத்தேன். இரண்டாவது மாரி முடியக் கூப்பிட்டார். சுவரை விரலால் தட்டினால் வெறும்பானைச் சத்தம். ஒரு மூலையைப் பிடித்து இழுக்க, பூச்சு பாளமாகக் கையோடு வந்தது. உள்ளே மண் சேறாகக் கிடந்தது. மண்சுவர் ஈரத்தை இழுக்கும், காய்ந்ததும் விட்டுவிடும். சீமெந்தால் மூடினால், வெடிப்புக்குள்ளால் போன தண்ணீர் உள்ளேயே நிற்கும். மண்ணோடு சுண்ணாம்பு கலந்து பூசுங்கள், இல்லாவிட்டால் அம்மம்மா மாதிரிச் சாணகம் போட்டு மெழுகுங்கள். வருசத்துக்கு ஒருக்கால் அந்த வேலை இருக்கும்தான், அதை மறைக்க மாட்டேன்.

சரி, மழைக்கு வருவோம். நிலத்தில் இருந்து இரண்டு அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டி, அதற்கு மேல்தான் மண்சுவர் எழ வேண்டும். தாழ்வாரம் மூன்று அடியாவது வெளியே நீள வேண்டும். பழைய வீடுகளுக்குள் குனிந்து போனோமே, கூரையை அவ்வளவு தாழ்த்தியது சாரல் சுவரில் படாமல் இருக்கத்தான். கிடுகு வேய ஆள் கிடைக்கவில்லை, தகரம்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில், வன்னியை விடச் சூடான இடம், பிரான்சிஸ் கெரே என்ற கட்டடக்கலைஞர் 2001இல் தன் ஊரான காண்டோவில் மண்கல்லால் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். தகரத்தைச் சுவரில் நேரே வைக்காமல் கம்பிச் சட்டத்தில் தூக்கி வைத்தார். கீழே மண்கல் மச்சு, இடையில் காற்று ஓடும். கட்டடக்கலைக்கு உலகத்தில் பெரிதாக மதிக்கிற பிரிட்ஸ்கர் பரிசு 2022இல் அவருக்குத்தான் கிடைத்தது. அயலட்டை சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

கறையான் மண்ணைத் தின்ன வருவதில்லை, மரத்தைத் தேடி வருகிறது. வரிச்சுத் தடியைச் சுவருக்குள் புதைத்தால் வரத்தான் செய்யும். அழுத்திய மண்கல்லில் தடியே இல்லை. கூரைக்கு முற்றின பனையின் வைரம் போதும்.

மண்கல்லுக்கு ஏறத்தாழ 5 வீதம் சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்துவார்கள். சூளை வேண்டாம். ஆனால் நிழலில் அடுக்கி 28 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதனால் மாசியில் தொடங்குங்கள், ஐப்பசிக்கு முதல் கூரை ஏறிவிட வேண்டும். மலிவு என்று மட்டும் நம்பி இறங்காதீர்கள். சீமெந்தில் மிஞ்சுகிற காசு கூலியாகப் போகும்.

எல்லாவற்றுக்கும் முதல் மண்ணைப் பாருங்கள். மன்னார் முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அதில் நான் கல் அரிய மாட்டேன். உங்கள் பக்கம் செம்மண் இருந்தால் நல்லது. மேல் மண்ணை ஒரு அடிக்கு வழித்துவிடுங்கள், அதில் வேரும் உக்கலும் இருக்கும். அதற்குக் கீழே எடுத்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்குப் போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிசத்தில் அடியில் இறங்கும். வண்டல் அதற்கு மேல் படியும். களி அடைய ஒரு நாளாவது எடுக்கும். அடிமட்டத்தால் அளந்தால், மணல் பாதியும் களி ஐந்தில் ஒன்றும் இருந்தால் கல் அரியலாம். களி கூடினால் ஆற்று மணல் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்று சொல்ல அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும், படம் எடுத்து அனுப்புங்கள்.