நிவாரணத்துக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு

எல்லோருக்கும் வணக்கம். மழைக்காலம் நெருங்குகிறது. படகு, கயிறு, குளோரின் மாத்திரை என்று பட்டியல் போட்டுவிட்டீர்கள். அதில் சேராத ஒன்றை, நிவாரண வேலைக்குப் போய்வருகிறவர்களின் மனதைப் பற்றிச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் உடல்களை எடுத்து மொத்தமாகப் புதைக்க வேண்டியிருந்தது. எத்தனையோ பேருக்கு அது பழக்கமில்லாத வேலை. இப்படி வேலை பார்த்துத் திரும்புகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். "பிள்ளையைப் பறிகொடுத்தவங்களே நிக்கிறாங்க, எனக்கென்னங்க" என்பார். ராத்திரி விளக்கை அணைக்க மாட்டார். கருவாட்டு வாசனை வந்தால் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

இது மனபலம் குறைந்தவருக்கு மட்டும் வருவதில்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்னும் மனநலக் கையேடு, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு (பிடிஎஸ்டி) வழிவிடும் அனுபவங்களில் ஒன்றாக, மனித உடல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியையே உதாரணம் காட்டுகிறது.

நம்மிடம் நம்பிக்கைக்குக் குறைவில்லை. அது இல்லாதவர் இடுப்பளவு சேற்றில் ஏன் இறங்கப்போகிறார்? ஆனால் குழுவில் ஒருவர் "பாசிட்டிவா இருங்கப்பா" என்றதும், தூக்கமில்லை என்று சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். நம்பிக்கையைக் கட்டளையாகப் போட்டால் இதுதான் நடக்கும். அதற்காக, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "பார்த்ததைச் சொல்லு" என்று பிடுங்கவும் வேண்டாம். அப்படிக் கட்டாயப்படுத்துவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

கொலம்பியாவில் அரசியல் வன்முறையில் பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சை தந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2007இல் வெளியானது. நோயாளிகள் மீண்டு வருவதைப் பார்த்தே சிகிச்சை தந்தவர்களும் தெம்பு பெற்றதை அது பதிவு செய்திருக்கிறது. நம் ஆட்களுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. முதல் வாரம் போகிறார்கள், மோசமானதை மட்டும் பார்க்கிறார்கள், வேன் ஏறிவிடுகிறார்கள். வலையைச் சரிசெய்து மறுபடி கடலுக்குப் போனவரை அவர்கள் பார்க்கவே இல்லை. ஆறு மாதம் கழித்து அதே ஊருக்கு அதே ஆட்களைக் கூட்டிப்போக இந்த வருடச் செலவுக் கணக்கிலேயே பணம் ஒதுக்குங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

அப்புறம், உடல் எடுக்கும் வேலையில் ஒரே ஆளைத் தினமும் விடாதீர்கள், அவரே கேட்டாலும்.

டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்டவர்கள்தான் கூப்பிட வேண்டுமா என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். இல்லை, தம்பி. நீங்களும் கூப்பிடலாம்.