கேட்டரிங் படிப்பு: ஃபீஸ் நோட்டீஸில் வராத கணக்கு

நேயர்களுக்கு வணக்கமுங்க. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நம்ம பக்கத்து பஸ் முதுகிலெல்லாம் செஃப் தொப்பி போட்ட பையன் ஒருவன் சிரிக்க ஆரம்பித்துவிடுவான். பக்கத்திலேயே 'நூறு சதவீதம் வேலை' என்றிருக்கும். சேர்ந்தவர்களில் நூறா, அரியர் இல்லாமல் தேறியவர்களில் நூறா, கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்தவர்களில் நூறா என்று கேட்டுப் பாருங்க. மூன்றுக்கும் மூன்று எண் வரும்.

'கேட்டரிங்' என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர, வழிகள் வேறுவேறு. சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருக்கிற அரசு நிறுவனங்களில் ஹோட்டல் மேலாண்மைக்கான தேசிய கவுன்சிலின் பாடத்திட்டம், மூன்றாண்டு பி.எஸ்சி. அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களில் இணைந்த கல்லூரிகளிலும் மூன்றாண்டு பி.எஸ்சி. இருக்கிறது, வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய் வரலாம். சமையலுக்கென்றே ஒன்றரை ஆண்டு கிராஃப்ட் கோர்ஸ் ஒன்று. ஐ.டி.ஐ.யில் உணவு தயாரிப்பு டிரேடு ஓராண்டு, அரசு ஐ.டி.ஐ. என்றால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

அடுப்படியில்தான் நிற்பேன் என்று உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு மூன்றாண்டு டிகிரி அவசியமில்லை என்பது என் கட்சி. டிகிரிக்காரரும் கிராஃப்ட் கோர்ஸ்காரரும் பெரும்பாலும் கமி என்கிற கடைநிலைச் சமையல் உதவியாளர் வேலையில்தான் தொடங்குகிறார்கள். வெங்காயம் நறுக்கும்போது சர்டிஃபிகேட்டை யாரும் பார்ப்பதில்லை. முன் அலுவலகம் (ரிசப்ஷன்), சேல்ஸ், ஆசிரியர் வேலை, மேல்படிப்பு என்று யோசிக்கிறவர்களுக்கு டிகிரி வேண்டும். அங்கே குறுக்கு வழி இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். நோட்டீஸில் போடுவது டியூஷன் ஃபீஸ் மட்டும். செஃப் கோட் இரண்டு செட், ஏப்ரன், சேஃப்டி ஷூ, சர்வீஸ் வகுப்புக்குக் கறுப்பு பேன்ட்டும் வெயிஸ்ட் கோட்டும், கத்தி செட், பிராக்டிகல் ஃபீஸ், வெளியூர் டிரெய்னிங்கின்போது தங்குகிற செலவு, இவையெல்லாம் தனி. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. எழுதித் தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.

லோன் போடுகிறவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்கணும். நாலு லட்சம், மூன்று ஆண்டில் மூன்று சமத் தவணையாக, வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டத் தொடங்குகிற அன்றைக்குக் கடன் 5 லட்சத்து 26 ஆயிரம். ஐந்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 11,300 ரூபாய். படிக்கிற காலத்திலும் அந்த ஓராண்டிலும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிட்டால் அசல் நாலு லட்சத்தில் நிற்கும், தவணை 8,600-க்கு இறங்கும்.

அந்தப் பக்கம் சம்பளம். இன்டர்வியூவில் மாதம் 20,000 என்று சொல்வது சி.டி.சி., அதாவது உங்கள் பிள்ளைக்காக முதலாளி செய்கிற மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால், முதலாளி பங்கு பி.எஃப். 1,200-ம், இ.எஸ்.ஐ.யில் அவர் கட்டும் 3.25 சதவீதமும் அந்த இருபதுக்குள்ளேயே அடங்கும். பிறகு உங்கள் பிள்ளை பங்கு பி.எஃப். இன்னொரு 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம். கையில் வருவது 16,870 அளவுதான். அதில் 11,300 தவணை போனால் மிச்சத்தில் வாடகை எங்கே, போக்குவரத்து எங்கே? தங்குமிடமும் சாப்பாடும் ஹோட்டலே தருகிற 15,000, வெறும் 18,000-ஐவிட மேல்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். இரண்டாவது திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம்ம கோவையில்தான் தொடங்கினார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் தரமணிப் படிப்புக்கு, அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவில் விசாரிக்கணும். செலவை அவர்களே ஏற்கிற திட்டம் இருக்கிறது.

கல்லூரியைப் பார்க்கப் போவதென்றால் திறந்த நாள் விழாவுக்குப் போகாதீங்க. பிராக்டிகல் நடக்கிற நாளில், காலை பத்து மணிக்குப் போங்க. எத்தனை அடுப்பு எரிகிறது, ஓர் அடுப்புக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்க. பிள்ளைகள் கையில் கத்தி இருக்கிறதா, டெமோ பார்த்து எழுதுகிற நோட்டு இருக்கிறதா? போன வார இன்டென்ட் ஷீட்டைக் காட்டச் சொல்லுங்க. சமையலறைக்கு என்ன சரக்கு வந்தது என்கிற சீட்டு அது. இருபது பேர் பேட்சுக்கு ஒரு கிலோ சிக்கன் என்றிருந்தால் ஆளுக்கு ஐம்பது கிராம். முழுக்கோழியை மூட்டு மூட்டாகப் பிரித்து எட்டுத் துண்டு போடப் பழக, இரண்டு பேருக்கு ஒரு கோழியாவது வேணுமுங்க. பேக்கரி ஓவன் மேல் தூசி படிந்திருந்தால் அந்தப் பாடம் போர்டில்தான் நடக்கிறது.

கடைசியாக டிரெய்னிங். சமையல், சர்வீஸ், முன் அலுவலகம், ஹவுஸ்கீப்பிங் நான்கிலும் சுழற்சியாக விடணும் என்பது விதி. முகூர்த்த மாதங்களில் ஹோட்டலுக்கு ஆள் பற்றாது. வந்த டிரெய்னியை பேங்க்வெட் என்கிற விருந்து ஹாலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் சீனியர் பையன் ஒருவன் டிரெய்னிங்கில் எழுதிய லாக் புக்கை வாங்கிப் புரட்டுங்க. நான்கு டிபார்ட்மென்ட் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே நாளில் விழுந்திருந்தால், அவன் அத்தனை மாசமும் தட்டுத்தான் தூக்கியிருக்கிறான்.