ஊர் ஒலிபெருக்கியில் பள்ளிக்கூடச் செய்தி

(திருகோணமலையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் ஒன்றுகூடலில், கல்விச் செய்திமடல் வெளியீட்டின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கோணேசர் பெருமானை மனத்தில் இருத்தித் தொடங்குகிறேன்.

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, பிரதம விருந்தினராக வந்து சிறப்பிக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கோட்டக் கல்விப் பணிப்பாளர்களே, பாடசாலைகளின் அதிபர்களே, ஆசிரியப் பெருமக்களே, கோயில் வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளின் தலைவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கிராம உத்தியோகத்தர்களே, தூர ஊர்களிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மாரே, தந்தைமாரே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்புக்கும் நன்றி. அந்தப் பொன்னாடையை இந்தச் செய்திமடலைக் கணினியில் தட்டச்சுச் செய்த மாணவிக்கே சேர்ப்பித்துவிட்டேன். அது அவருக்கு உரியது.

மூன்று விடயங்களை உங்கள் முன் வைக்க எண்ணி வந்தேன். முதலாவது ஆசிரியர் பற்றாக்குறை. இரண்டாவது பாடசாலை நூலகங்கள். மூன்றாவது, இன்று வெளியிடப்படும் இந்தச் செய்திமடல். ஆசிரியர் விடயத்தைப் பணிப்பாளர் அவர்கள் தமது உரையில் தெளிவாக எடுத்துரைத்துவிட்டார்கள். நகரத்தில் ஆசிரியர் நிறைந்திருக்க, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் தேடி அலைகிற பாடசாலைகள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் அழுத்திச் சொல்லி, மேலே செல்கிறேன்.

செய்திமடலைப் புரட்டிப் பார்த்தேன். தரம் ஒன்று அனுமதிக்கான அறிவுறுத்தல் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்ற வறிய பிள்ளைகள் உதவிப் பணத்துக்கு என்னென்ன ஆவணம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தமிழ்த்தினப் போட்டிகளின் முடிவுகள், மக்கெய்சர் மைதானத்தில் நடக்கும் விளையாட்டுப் போட்டி பற்றிய குறிப்பு, மழைக்கு முன் பாடசாலை வளவுகளில் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் என எல்லாம் உண்டு. அச்சும் அழகு. உழைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் என் தகப்பனார் அடிக்கடி சொல்லும் ஒரு பழமொழி இருக்கிறது: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்த மடல் எத்தனை அழகாக இருந்தாலும், வெருகலில் இருக்கிற ஒரு தாயின் கைக்கு அது போய்ச் சேராவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

நம் மாவட்டத்தின் நிலக்கிடக்கையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள். வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல் ஆறு. நடுவிலே கடலும் களப்பும் மகாவலியின் கிளைகளும். மூதூருக்குப் படகில் போய் வந்த காலத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகே தரைவழி கொஞ்சம் கைகொடுத்தது. அதற்குப் பிறகும், 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதற்கே உயிரைப் பணயம் வைத்த மாவட்டம் இது. இங்கே அலுவலக வாசலில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு ‘அறிவித்துவிட்டோம்’ என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். நடந்த கதை. விண்ணப்பங்களை எல்லாம் பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

வெருகல் பக்கத்து ஆச்சி ஒருவர், சீனி வருத்தத்துக்காகத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கிளினிக் வந்திருந்தார். மருந்து எடுத்து முடிய வெயில் ஏறிவிட்டது. பஸ் நிலையத்தில் வழிக்காக ஒரு சரை அவித்த கடலை வாங்கினார். பஸ் கிண்ணியாவைத் தாண்டும்போதே கடலை முடிந்துவிட்டது. ஆச்சி சிக்கனமானவர், காகிதத்தை வீசவில்லை. மருந்து வில்லைகளைச் சுற்றி வைக்கலாம் என்று அதை மடியில் போட்டு நீவிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை, நகரத்தில் தங்கி உயர்தரம் படிக்கிற பிள்ளை, அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் குனிந்து பார்த்தாள்.

“என்ன மகள் பார்க்கிறாய்?” என்று ஆச்சி கேட்டார்.

“ஆச்சி, இது பழைய பேப்பர். ஆசிரியராகப் பயிற்றுகிற கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா?”

இருக்கிறார்கள். ஆச்சியின் மூத்த பேத்தி மூன்று பாடமும் சித்தியடைந்துவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருக்கிறாள். தையல் பழகுகிறாள். கொழும்புக்கு உடுப்புத் தொழிற்சாலைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ஆச்சி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “முழுக்க வாசி மகள்” என்றார். உப்புநீர் ஊறி எழுத்து மங்கியிருந்தது. முடிவுத் திகதி இருந்த மூலை கிழிந்து, மாதம் மட்டும் தெரிந்தது, நாள் தெரியவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் காகிதத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். கண்டக்டர் தம்பிகூட வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கங்கைப் பாலத்தடியில் ஏறிய தபால் ஊழியர் ஒருவர்தான் சொன்னார்: “ஆச்சி, அது நாளை மறுநாள். எங்கள் கந்தோருக்கு இந்தக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன.”

அன்று மாலை அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை. ஒருவர் கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வதிவிடச் சான்றிதழுக்கு ஓடினார். ஒருவர் பிறப்புச் சான்றிதழைத் தேடி இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தார். பாடசாலை அதிபர், அந்த நல்ல மனிதர், இரவில் பாடசாலையைத் திறந்து பெறுபேற்றுப் பிரதியை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தார். மறுநாள் காலை தபாற்கந்தோர் திறக்கும்போது ஆச்சியும் பேத்தியும் வாசற்படியில் நின்றார்கள்.

அந்தப் பேத்திக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. தெரிவானாள். இன்று இதே மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை.

(பலத்த கைதட்டல்)

கைதட்டுங்கள், ஆச்சிக்குத் தட்டுங்கள். அந்த அதிபருக்கும் தட்டுங்கள். ஆனால் சபையோரே, ஒன்றை யோசியுங்கள். கடலைக்காரர் அந்தத் தாளைக் கிழிக்காமல் அடுத்த தாளைக் கிழித்திருந்தால்? ஆச்சி பக்கத்தில் வேறு யாராவது இருந்திருந்தால்? அதே ஊரில், அதே ஆண்டில், அதே தகுதியோடு வேறு பிள்ளைகளும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு யார் சொன்னது? ஒரு பிள்ளையின் வாழ்க்கை கடலைச் சரையின் அதிர்ஷ்டத்தில் தொங்கக்கூடாது. அந்த அறிவித்தல் முறைப்படி பத்திரிகையில் வந்ததுதான். அதில் குற்றம் சொல்ல இடமில்லை. வெளியிட்டவர்கள் கடமையைச் செய்தார்கள். ஊருக்கு அது வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இப்போது மண்டபத்துக்குள் வந்துகொண்டிருக்கும் பிரதேச செயலாளர் அவர்களுக்கு என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். வெள்ள நிவாரண வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் இடம் கொடுங்கள், பிள்ளைகளே. நன்றி.

இப்போது எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது, குழுவில் போட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது என்ன நடந்தது? மூதூரும் வெருகலும் கிண்ணியாவும் வெள்ளத்தில் கிடந்தன. பல இடங்களில் மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. உயர்தரப் பரீட்சை நடுவிலே நிறுத்தப்பட்டது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில்தான் நடந்தன. அந்த நாட்களில் அடுத்த பரீட்சை நடக்குமா, எப்போது நடக்கும் என்று தெரியாமல் பிள்ளைகள் பாதுகாப்பு முகாமில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். சார்ஜ் இல்லாத தொலைபேசியில் எந்தக் குழு வேலை செய்யும்? நல்ல காலத்திலும்கூட, தகப்பன் கடலுக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் ஒரே தொலைபேசி அவரோடு போய்விடுகிறது. தாய்க்கு எப்படித் தெரியும்?

ஆனால் நம் ஊர்களுக்குச் செய்தி சொல்லத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒருவர் காலமானால் அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், ஜனாஸா எத்தனை மணிக்கு என்றும் சொல்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறார்கள். பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் குழந்தைகள் கையில் காசோடு படலையடிக்கு வந்துவிடுகிறார்கள். சாவுச் செய்தியையும் பாணையும் வாசலுக்குக் கொண்டுவரத் தெரிந்த ஊர், புலமைப்பரிசில் செய்தியை மட்டும் ஏன் கொண்டுவராமல் இருக்கிறது?

ஆகவே என் கோரிக்கை இதுதான். இதை நான் போகிற கூட்டமெல்லாம் சொல்லிவருகிறேன், நடக்கும்வரை சொல்வேன். கிழமைக்கு ஒருமுறை, வலயத்தின் அறிவித்தல்களை ஊர் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் வாசியுங்கள். அன்று மாலைப் பூசை முடிந்ததும் கோயிலில் வாசியுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தேவாலயத்தில் வாசியுங்கள். ஐந்து நிமிடம் போதும். வாசிப்பவர் அந்த ஊர்ப் பாடசாலை மாணவனாகவோ மாணவியாகவோ இருக்கட்டும். பிள்ளையின் குரல் ஒலிபெருக்கியில் வருகிறது என்றால் தாய் அடுப்படியை விட்டு வந்து கேட்பார். அதே தாளின் ஒரு பிரதியைக் கூட்டுறவுக் கடையிலும் சந்திக் கடையிலும் பெரிய எழுத்தில், தமிழில் ஒட்ட வேண்டும். முடிவுத் திகதி மேலே, முதல் வரியில் இருக்க வேண்டும். பத்தாவது வரியில் ஒளிந்திருக்கக் கூடாது.

இந்த நகரம் கல்விக்காகக் கைநீட்டிக் காத்திருந்த நகரம் அல்லவே. 1897இல் இந்துக் கல்லூரியை எழுப்பியவர்கள் இந்த ஊர்ப் பெரியவர்கள். சுவாமி விபுலானந்தர் 1920களில் இங்கே வந்து அந்தக் கல்லூரியை வளர்த்தார். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடங்கினார். பெண்ணைப் படிக்க அனுப்பவே யோசித்த காலம் அது. அதற்கும் முன்பே, 1867இல், புனித சூசையப்பர் கல்லூரி இருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. கட்டணம் இல்லை, புத்தகத்துக்குக் காசு இல்லை. இவ்வளவும் கிடைத்த பிறகு ஒரு பிள்ளை திகதி தெரியாமல் வாய்ப்பை இழப்பதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். காகிதமும் ஒலிபெருக்கியும் இருக்கிற ஊரில் அதை ஏற்கவே முடியாது.

செலவு என்ன என்று யாரும் கேட்கலாம். ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கிறது. மின்சாரம் இருக்கிறது. வாசிக்கப் பிள்ளை இருக்கிறது. வலய அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமைக்குள் ஒரே ஒரு தாள், எளிய தமிழில் தயாராகி, அதிபர் கைக்கு வந்துவிட வேண்டும். அதைப் பணிப்பாளர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். அவர்கள் தலையசைப்பதைக் காண்கிறேன், மிக்க மகிழ்ச்சி. வண்ணக்கர்மாரிடமும் நம்பிக்கையாளர் சபைத் தலைவர்களிடமும் பங்குத்தந்தையிடமும் கேட்பது ஐந்து நிமிடம்தான். பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன், மறுக்கமாட்டீர்கள். இந்தச் செய்திமடலும் அந்தத் தாளுக்குத் துணையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நான் முன்னரே சொன்னதுதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். நூலகம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேச அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே போகும் வழியில், வலப்பக்க மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவர் தம் பெயரையும் ஊரின் பெயரையும், தாளை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். வெருகல், ஈச்சிலம்பற்று, திரியாய், குச்சவெளி, சம்பூர் ஆகிய ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும், அவர்களை முதலில் எழுத விடுங்கள். தேநீர் பிறகு இருக்கிறது.

நன்றி. வணக்கம்.