இதுக்கா இவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வயிற்றுவலி என்று வருவார்கள், தலைவலி என்று வருவார்கள். அப்படித்தான் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தொடர்ந்து மூன்று திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் அவளுடைய அம்மாவும் கூட வந்தார். மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தோழி, ஒரு நாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். சண்டையும் இல்லை, சொல்லிக்கொண்டு போகவும் இல்லை. கேட்ட அம்மாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். "இதுக்கா இவ்வளவு?" என்றார்.

அந்தப் பெண் அன்று அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

பதின்வயதுப் பிள்ளைகளின் உறவுகள் என்றதும் பெற்றோர் மனதில் முதலில் வந்து நிற்பது காதல்தான். அந்தப் பயத்தில் நட்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆனால் என் அறையில் நான் பார்த்த கண்ணீரில் பெரும்பங்கு நட்பு முறிந்ததால் வந்த கண்ணீர். காதல் முறிந்தால் அதற்கு ஒரு பேர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, தோளில் கை போட நாலு பேர் வருவார்கள். நட்பு முறிந்ததற்கு யாரும் துக்கம் கேட்க வருவதில்லை.

சின்னக் குழந்தைகளைப் பாருங்கள். கோபம் வந்தால் 'காய்' விட்டுவிடுவார்கள். அரை மணி கழித்துப் 'பழம்'. பிரிவதற்கும் ஒரு சொல் உண்டு, சேர்வதற்கும் ஒரு சொல் உண்டு. பன்னிரண்டு, பதிமூன்று வயதானதும் அந்தச் சொற்களைச் சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் வேறு சொல் எதுவும் வந்து சேர்வதும் இல்லை. ஒரு நாள் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தால் தான் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டதற்கு நீல டிக் இருக்கும், பதில் இருக்காது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அந்தப் பிள்ளை பழைய செய்திகளை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு விடிய விடியக் கிடக்கும்.

இது எவ்வளவு வலிக்கும்? 2003-இல் அமெரிக்காவில் நவோமி ஐசன்பர்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுகிறார்கள். அதில் ஒருவர்தான் நிஜ மனிதர், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர். மற்ற இருவரையும் இயக்குவது கணினி. அது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அவருக்கும் பந்து வரும். பிறகு அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்கே, உடல்வலி தரும் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று தூண்டப்பட்டது. 2010-இல் லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதே விளையாட்டைப் பதின்வயதுப் பெண்களையும் வளர்ந்த பெண்களையும் வைத்து நடத்திப் பார்த்தார்கள். ஒதுக்கப்பட்ட பிறகு பதின்வயதினரின் மனநிலை மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்தது.

முகம் தெரியாத இருவர் பந்து தராததற்கே இப்படி. மூன்று வருடம் பக்கத்தில் இருந்தவள் எழுந்து போனால் எப்படி இருந்திருக்கும்?

"மூளை இன்னும் முழுசா வளரலை, அதான் இப்படி" என்று சிலர் சொல்வதுண்டு. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருப்பது உண்மைதான். அதை ஒரு குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. வீட்டைத் தாண்டி, கடைசி வரை தன்னோடு வாழப்போகிற தன் தலைமுறையோடு பழகக் கற்றுக்கொள்ளும் வயது இது. யார் சேர்த்துக்கொள்கிறார்கள், யார் ஒதுக்குகிறார்கள் என்பதில் மனம் இத்தனை கூர்மையாக இல்லாவிட்டால் அதைக் கற்கவே முடியாது.

பையன்களிடம் இது வேறு உருவத்தில் வரும். நியோபி வே என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரே பையன்களிடம் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பேசியவர். பதிமூன்று, பதினான்கு வயதில் நண்பனைப் பற்றிக் கேட்டால் உருகி உருகிப் பேசிய பலர், பதினாறு, பதினேழு வயதில் 'அதெல்லாம் ஒன்றும் பெரிதாக இல்லை' என்று ஒதுங்கிப் பேச ஆரம்பித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். நண்பன்மேல் பாசமாக இருப்பது ஆம்பிளைக்கு அழகில்லை என்று அதற்குள் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பறைக் கதவை உதைத்து உடைத்துவிட்டான் என்று ஒரு பையனை என்னிடம் அனுப்பினார்கள். முன்கோபி என்று பேர் எடுத்தவன். கால் மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "எல்லாரும் சேர்ந்து வெளிய போய் போட்டோ போட்டிருக்கானுங்க மிஸ். என்னை மட்டும் கூப்பிடவே இல்லை" என்றான். கண் கலங்கியதை நான் பார்த்துவிடக் கூடாது என்று உடனே குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இவர்கள் இரண்டு பேருக்குமே சொல் கிடைக்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'மூட் அவுட்' என்பார்கள், 'கடுப்பா இருக்கு' என்பார்கள். அந்த ஒரு மூட் அவுட்டுக்குள் பொறாமை இருக்கும், அவமானம் இருக்கும், ஏக்கம் இருக்கும், தான் செய்த தப்பின் உறுத்தல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. 2007-இல் மேத்யூ லீபர்மேன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர், படத்தில் இருக்கும் முகங்களைக் காட்டி, அதில் தெரியும் உணர்ச்சி எது என்று சொல்லால் குறிக்கச் செய்தார்கள். அப்போது அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் எழுந்து நிற்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் தணிந்ததைக் கண்டார்கள். பேர் வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது.

பேர் வைக்கும் வேலையை நம் மொழி எப்போதோ செய்திருக்கிறது. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இதில் இளிவரல் என்ற சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தான் தாழ்ந்துபோனதாக, சிறுத்துப்போனதாக உணர்வது. அந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனுக்கும் வந்தது அதுதான். அவளுக்கு வயிற்றில் தெரிந்தது, இவனுக்குக் காலில் தெரிந்தது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேசாமல் இருந்த இரண்டு தோழிகளை ஒன்றாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள், குலுக்கினார்கள். நான் திருப்தியாக இருந்தேன். வெளியே போனதும் 'மிஸ்கிட்ட போட்டுக் கொடுத்துட்டா' என்று வகுப்பு முழுக்கப் பேச்சு. ஒதுக்கப்பட்டவள் இன்னும் தனியானாள். பிள்ளைகளின் உறவைப் பெரியவர்கள் பஞ்சாயத்து பண்ணி ஒட்டவைக்க முடியாது என்று நான் கற்றுக்கொள்ள அந்தப் பெண் கஷ்டப்பட வேண்டியிருந்தது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

காதலைப் பற்றியும் சொல்கிறேன். பதினைந்து, பதினாறு வயதில் ஒருவர்மேல் ஈர்ப்பு வருவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதைத் தடுத்து நிறுத்தும் வழி யாரிடமும் இல்லை. எது அன்பு, எது ஆதிக்கம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்க மட்டும் நம்மால் முடியும். 'என் மேல நம்பிக்கை இருந்தா பாஸ்வேர்ட் குடு.' 'எங்க இருக்கே, லொகேஷன் அனுப்பு.' 'அவகூடப் பேசாதே.' இதையெல்லாம் அக்கறை என்று நம்பி ஏமாறும் பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "முடியாதுன்னு நீ சொன்னா, அடுத்து என்ன நடக்கும்?" பதிலுக்கு முன்னால் முகத்தில் பயம் வந்து போனால், அந்த உறவைப் பற்றி நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கே தெரிந்துவிடும். படம் அனுப்பச் சொல்லி வற்புறுத்துவதும் இதே ரகம். அனுப்பிய படம் பரவிவிட்டது என்று ஒரு பிள்ளை உங்கள் முன்னால் வந்து நின்றால், 'ஏன் அனுப்பினே?' என்ற கேள்வியை அன்றைக்கு விழுங்கிவிடுங்கள். குற்றம் செய்தது பரப்பியவர். 'என்கிட்ட சொன்னியே, நல்லது. சேர்ந்து பார்த்துக்கலாம்' என்று தொடங்குங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துப் புகார் செய்வதெல்லாம் அதற்கு அடுத்த வேலை.

தூக்கத்தையும் மறக்க வேண்டாம். பதின்வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. சீக்கிரம் தூக்கம் வராது, ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நள்ளிரவில் கைபேசியில் நடக்கும் சண்டைதான் எப்போதும் மோசமாக முடிகிறது.

எல்லா வருத்தமும் தானாக ஆறாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 7 பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் குலைந்து கிடந்தால், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால், 'நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி' என்பது போலப் பேசினால், தனக்குப் பிரியமான பொருள்களை எடுத்து எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், தாமதிக்க வேண்டாம். நேரடியாகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒருவராவது கேட்டாரே என்று அழுத பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மற்றபடி, பேசவைப்பதற்கு எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். சேர்ந்து நடக்கும்போதும், துணி மடிக்கும்போதும், வண்டியில் போகும்போதும் தானாக வரும் பேச்சு, கண்ணுக்குக் கண் பார்த்தால் வராது. வந்ததும் உடனே தீர்ப்புச் சொல்லாமல், "நான் கேட்டுட்டு இருக்கட்டுமா, இல்ல ஏதாவது யோசனை சொல்லணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'கேளுங்க, போதும்' என்றுதான் பதில் வரும்.

வயிற்றுவலிப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். தோழி திரும்பி வரவில்லை. காரணமும் கடைசி வரை தெரியவில்லை. திங்கட்கிழமைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுலபமாயின. இரண்டு மாதம் கழித்து அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். ஒரு நாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பில் தன்னோடு பேசாமல் போன ஒரு தோழியைப் பற்றி மகளிடம் சொன்னாராம். முப்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லையாம். மகள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

பேர் சட்டென்று நினைவுக்கு வந்ததாம். இனிஷியலோடு.

வணக்கம்.