கொரியாவில் போர் முடிந்துவிட்டதா?

(ஜூலை 27 அன்று நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, அவசர வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் துணைத் தலைவர் அம்மா அவர்களே, நூலக அலுவலர் ஐயா அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னாலேயே பேசிவிட்ட பேராசிரியர் அவர்களே, அரங்கத்துக்கு வாடகை வாங்காத வணிகர் சங்கப் பெரியவர்களே, மைக் செட் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை புத்தகமாகக் கொடுங்கள் என்று போன கூட்டத்திலேயே சொன்னேன். செயலாளர் மறந்துவிட்டார், பரவாயில்லை.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். கொரியப் போர் ஏன் இன்னும் முடியவில்லை என்பது ஒன்று. அதை முடிக்கச் சொல்லி அங்கே யார் தெருவில் நிற்கிறார்கள் என்பது இரண்டு. மூன்றாவது, ஆயுத வியாபாரம்.

1950-இல் வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் தொடங்கிய போரில், 1953-இல் இதே ஜூலை 27 அன்று எல்லைக் கிராமமான பான்முன்ஜோமில் கையெழுத்தானது சண்டை நிறுத்த ஒப்பந்தம் மட்டும்தான். தெற்குக்காகப் போரிட்ட ஐ.நா. படைத் தலைமை, வட கொரியா, வடக்குக்காகப் போரிட்ட சீனத் தொண்டர் படை மூன்றும் கையெழுத்திட்டன. தென் கொரியா கையெழுத்திடவே இல்லை. நிரந்தரமான சமாதான உடன்படிக்கை வரும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. நடுவே 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆளில்லாப் பட்டை. சட்டப்படி பார்த்தால் போர் இன்னும் முடியவில்லை.

முன்வரிசையில் சிரிக்கிறார்கள், என் பழமொழி வரப்போகிறது என்று. அதேதான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். ஆனால் கொரியாவில் ஊர் தானாக இரண்டுபடவில்லை. 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடையும் நேரத்தில், வாஷிங்டனில் இரண்டு ராணுவ அதிகாரிகள் ஒரு வரைபடத்தை விரித்து, கொரியாவை இரண்டாகப் பிரிக்கும் கோடாக 38-ஆவது அட்சரேகையைக் காட்டினார்கள். சோவியத் யூனியனும் சரி என்றது. கொரியர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

சரி, இரண்டாவது விஷயம். 1989-இல் தெற்கிலிருந்து மூன் இக்-ஹ்வான் என்ற பாதிரியார் அரசு அனுமதி இல்லாமல் வடக்கின் தலைநகரம் பியோங்யாங் போய் வந்தார். சிறையில் போட்டார்கள். அதே ஆண்டு லிம் சூ-கியோங் என்ற கல்லூரி மாணவி அங்கே நடந்த உலக இளைஞர் விழாவுக்குப் போனார். திரும்பும்போது விமானம் ஏறவில்லை. ஒரு கத்தோலிக்கக் குருவானவரின் துணையோடு பான்முன்ஜோம் கோட்டைக் காலால் தாண்டி வந்தார். இருவரையும் அங்கேயே கைது செய்தார்கள். 2015-இல் சமாதானம் கேட்டுப் பல நாட்டுப் பெண்கள் முப்பது பேர் வடக்கிலிருந்து தெற்கே அந்த எல்லையைக் கடந்தார்கள். நோபல் பரிசு பெற்ற இருவர் அதில் உண்டு. தென் கொரியாவின் ஜேஜு தீவில், காங்ஜோங் கிராமத்தில் கடற்படைத் தளம் வருகிறது என்றதும் 2007-இல் ஊரே வாக்கெடுப்பு நடத்தியது. 725 பேர் ஓட்டுப் போட்டதில் 680 பேர் வேண்டாம் என்றார்கள். 2016-இல் தளம் திறந்தாயிற்று. ஓட்டுக்கு அங்கேயும் அவ்வளவுதான் மரியாதை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது டிராக்டர் கதை. கொஞ்சம் நீளம், தலைவர் பொறுத்தருள வேண்டும்.

தெற்கே சில குழுக்கள் வடக்கு அரசைத் திட்டும் துண்டுப் பிரசுரத்தைப் பலூனில் கட்டி வடக்கே பறக்கவிட்டு வந்தன. கூடவே டாலர் நோட்டு, பென் டிரைவ். 2024 மே மாதக் கடைசியில் வடக்கு பதிலுக்குப் பலூன் விட்டது. அதில் என்ன கட்டியிருந்தார்கள் தெரியுமா? குப்பை! சிகரெட் துண்டு, கிழிந்த துணி, எரு. தெற்கு சும்மா இருக்குமா? எல்லையில் ஒலிபெருக்கியை வைத்துச் செய்தியும் பாட்டும் அலறவிட்டது. வடக்கும் தன் ஒலிபெருக்கியைத் திருப்பியது. அதில் பாட்டு இல்லை. இரும்பை இரும்பில் உரசுகிற சத்தம், மிருகம் ஊளையிடுகிற சத்தம், பேய் அழுகிற சத்தம், அதுவும் நடு ராத்திரியில். தெற்கின் எல்லையோரக் காங்ஹ்வா தீவிலிருந்து ஒரு தாய் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து, பிள்ளைகள் தூங்க முடியவில்லை என்று மண்டியிட்டு அழுதார். குப்பை போட்ட அரசும் பாட்டுப் போட்ட அரசும் நிம்மதியாகத் தூங்கின. ஊர் இரண்டுபட்டால், கூத்தாடிக்கு? ஆ, நீங்களே சொல்லிவிட்டீர்கள்!

அதே ஆண்டு அக்டோபர் 31. தெற்கின் எல்லை நகரமான பாஜுவில் இருக்கிற இம்ஜின்காக் பூங்காவில் மறுபடியும் பிரசுரம் பறக்கவிடப் போவதாக ஒரு குழு அறிவித்தது. அவர்களும் வடக்கு கடத்திக்கொண்டு போனவர்களின் குடும்பத்தார்தான். அவர்கள் துக்கம் பொய்யில்லை. ஆனால் விலை கொடுப்பது யார்? எல்லையை ஒட்டி, ராணுவச் சோதனைச் சாவடிக்கு உள்ளே இருக்கிற கிராமத்து விவசாயிகள். அறுவடைக் காலம். வயலில் ஓட வேண்டிய டிராக்டரை எடுத்தார்கள். சுமார் இருபது டிராக்டர். முன்னால் பதாகையைக் கட்டிக்கொண்டு வரிசையாக இம்ஜின்காக்குக்கு வந்து வழியை மறித்து நின்றார்கள். எங்களுக்குத் தூக்கம் வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. சித்தாந்தம் எதுவும் பேசவில்லை. அன்றைக்குப் பலூன் மேலே போகவில்லை. அடுத்த ஜூனில் புது ஜனாதிபதி வந்ததும் தெற்கு ஒலிபெருக்கியை நிறுத்தியது. மறுநாளே வடக்கும் நிறுத்தியது. டிராக்டரால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சத்தத்தை நாடு முழுக்கப் பேச வைத்தது அந்த ஊர்க்காரர்கள்.

வடக்கில் இப்படி டிராக்டர் எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று ஒரு தம்பி கேட்கிறார். முடியாது தம்பி. அங்கே அரசைக் கேட்காமல் பத்துப் பேர் கூட முடியாது. இதை மூடி மறைத்துச் சமாதானம் பேசுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதற்காகத் தெற்கில் வாய் திறக்க முடிகிறவர்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

இப்போது நமக்கு வருகிறேன். நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த போர்க் கைதிகளை என்ன செய்வது என்று பேச்சுவார்த்தை முட்டி நின்றபோது ஐ.நா.வில் வழி சொன்னவர் இந்தியாவின் சார்பில் பேசிய கிருஷ்ண மேனன். கைதிகளுக்காக அமைத்த நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. காயம்பட்டவர்களைப் பார்க்கப் போன இந்திய ராணுவ மருத்துவப் பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். அந்தப் பிரிவின் ஆட்கள் 1951 மார்ச்சில் பாராசூட்டில் குதித்த இடம் முன்சான். நான் சொன்ன டிராக்டர் நின்ற இம்ஜின்காக் அந்த முன்சானில்தான் இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். கைதிகளில் 88 பேர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றார்கள். அவர்களை ஏற்றிய கப்பல் 1954 பிப்ரவரியில் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில். பெரும்பாலோர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். இரண்டுபட்ட ஊரில் எந்தப் பக்கமும் நிற்க மாட்டேன் என்ற அந்த ஆட்களைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டா? துறைமுகத்தில் ஒரு பலகை உண்டா? துணைத் தலைவர் அம்மா கவனிக்க வேண்டும், மேலிடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அன்று கைதிகளுக்காகத் தலைமை ஏற்ற நாடு, இன்று சண்டை நிறுத்தத்தைச் சமாதான உடன்படிக்கையாக மாற்றுங்கள் என்று ஐ.நா.வில் ஏன் முன்மொழியக் கூடாது? இரண்டு தலைநகரத்திலும் நமக்குத் தூதரகம் இருக்கிறது. எத்தனை நாட்டுக்கு அந்த வசதி? இதைத்தான் நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதிய மனு தயாராக இருக்கிறது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். ஆயுத வியாபாரத்தைத் தொடவே இல்லை. அதற்குத் தனிக் கூட்டம் போடச் சொல்லுங்கள், சொந்தச் செலவில் வருகிறேன். மனு வாசல் பக்கம் மேசையில் இருக்கிறது; நகல் நூலகத்தில் ஒரு வாரம் இருக்கும். பெயரோடு ஊரையும் தெளிவாக எழுதுங்கள். போன முறை பாதிக் கையெழுத்தை வாசிக்கவே முடியவில்லை. நன்றி, வணக்கம்.