யாருக்கு எத்தனை ஸ்டேஜ்

(நூலக வார விழாவில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், கட்டுரைப் போட்டிப் பரிசுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். பரிசளிப்பு என் பேச்சுக்கு அப்புறம்தான் என்று நூலகர் அம்மா சொல்லிவிட்டார்கள். யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

சமீபத்தில் படித்து முடித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேராசிரியர் இல்லை. அரசுப் பேருந்தில் டிக்கெட் கிழித்தவன். வண்டி எடுக்க நேரம் இருந்தால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன். அப்படி வந்த பழக்கம். தொழில் புத்தி ஓய்வு பெறுவதில்லை. எந்தக் கதையைப் படித்தாலும் இந்த ஆள் எங்கே ஏறினார், எதுவரைக்கும் போக முடிந்தது, நடுவழியில் யார் இறக்கிவிட்டார்கள் என்றுதான் கண் போகிறது. அப்படிப் பார்த்த நாலு புத்தகங்களைச் சொல்கிறேன். இரண்டு தன்வரலாறு, இரண்டு நாவல்.

முதலாவது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தமிழ்த் தாத்தாவைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று என்று பலரும் இதைத் தொடுவதில்லை. புத்தகத்தின் பருமனும் பயமுறுத்தும். பயப்படாதீர்கள். 1940இல் ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வர ஆரம்பித்தது இது. வாரப் பத்திரிகை வாசகருக்குச் சொன்ன கதை என்பதால் சின்னச் சின்ன அத்தியாயங்கள், 122 இருக்கின்றன. 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். கதை 1899 வாக்கில் அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு 1950இல்தான் புத்தகமாக வந்தது.

இந்தப் புத்தகத்தின் முதல் பாதி முழுக்க நடைதான். அப்பா வேங்கட சுப்பையர் சங்கீதக்காரர். பிழைப்புக்காகவும், பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியும் குடும்பம் ஊர் ஊராகப் போகிறது. உத்தமதானபுரம், அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம். ஓர் ஊரில் ஒருவருக்கு ஒரு சதகம் தெரியும், அடுத்த ஊரில் ஒருவருக்குக் கொஞ்சம் இலக்கணம் தெரியும். தெரிந்ததை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடை. கல்யாணக் கடன் ஏறிப்போக, காரை என்ற ஊரில் புராணப் பிரசங்கம் செய்து பணம் சேர்க்கிறார்கள். கடைசியில் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறார்.

அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்றால், புத்தகத்தின் பேர் 'என் சரித்திரம்', ஆனால் 'என்' காணாமல் போய்விடுகிறது. பிள்ளையவர்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். அவர் வாயால் பாட்டுச் சொல்லிக்கொண்டே போக, ஏட்டில் எழுதுகிறவர் கை ஓய்ந்துபோகும் அளவுக்குப் புலமை. அதே ஆள் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தால் வீட்டில் எண்ணெய் கிடையாது. மாணவர் தன்னிடம் இருந்த காசைக் கொண்டு ஓசைப்படாமல் வாங்கி வந்து வைக்கிறார். இப்படி ஒரு காட்சியை எழுதுகிற யாராவது கொஞ்சம் கண்ணீர் விட்டிருப்பார்கள், இல்லையென்றால் தன் தாராளத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஐயர் இரண்டும் செய்யவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தவர், ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார். அதைச் சொல்லும்போதும் குரல் உயர்வதில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. நந்தனார் சரித்திரம் பாடியவரிடம் பாடம்! யாராவது விடுவார்களா?

நான் ரொம்ப நாள் ஓடிய தடத்தில் கரிவலம்வந்தநல்லூர் ஒரு நிறுத்தம். சங்கரன்கோவிலுக்குப் போகிற வழி. ஐயர் ஏடு தேடி அங்கே போகிறார். கோயிலில் இருந்த பழைய சுவடிகள் எங்கே என்று கேட்கிறார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டோம் என்று பதில் வருகிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஊர் கண்ணில் வந்தது. கோயில் வாசல், தேரடி எல்லாம். எத்தனை தரம் அங்கே விசில் கொடுத்து வண்டியை எடுத்திருப்பேன். என்னென்ன பாட்டு அங்கே புகையாகப் போனதோ, யாருக்குத் தெரியும்.

சரி, இப்போது என் தொழில் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பையன் இத்தனை ஊர் போகிறானே, எப்படிப் போக முடிந்தது? போகிற ஊரில் எல்லாம் யாரோ ஒருவர் இருக்க இடம் தருகிறார், நெல் அளக்கிறார், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார். அவர்கள் பெயரை எல்லாம் எழுபது வருஷம் கழித்தும் மறக்காமல் நன்றியோடு எழுதுகிறார். அவருடைய வறுமை உண்மையான வறுமைதான். ஆனால் அந்த வறுமைக்குக் கதவுகள் திறந்தன. அதே காலத்தில், அதே தமிழ் ஆசையோடு, வேறு ஒரு தெருவில் பிறந்த பையன் கார்குடிக்கோ செங்கணத்துக்கோ நடந்து போயிருந்தால் திண்ணையில் உட்காரச் சொல்லியிருப்பார்களா? அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நடக்க முடிந்தவருக்கு நடை ஒரு விஷயமாகவே தெரியாது, அவ்வளவுதான். இன்னொன்று. 1868இல் அவருக்குக் கல்யாணம் ஆகிறது. கல்யாணச் சடங்கு, செலவு எல்லாம் விவரமாக வருகிறது. கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த அம்மாள் அதற்குப் பிறகு புத்தகத்தில் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகிறார்.

அந்த அம்மாள் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துக்கொண்டே அடுத்த புத்தகத்தை எடுத்தேன். தற்செயலாகக் கைக்கு வந்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964இல் வந்த நாவல். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பனைவிளை என்று ஓர் ஊர், தென்கோடியில் கன்னியாகுமரிப் பக்கம். ஒரு காலத்தில் வாழ்ந்த வீடு, இப்போது பேர் மட்டும்தான் மிச்சம். தாத்தா கண்ணப்பச்சி, பேத்தி லிஸி. லிஸி வளர்ந்துவிட்டாள் என்றதும் பள்ளிக்கூடம் நிற்கிறது. படிக்க ஆசைப்பட்ட பிள்ளையை அடித்து உட்கார வைக்கவில்லை. யாரும் பெரிதாகச் சத்தம்கூடப் போடவில்லை. போக வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். உலகம் வீட்டு ஜன்னல் அளவுக்குச் சுருங்கிப்போகிறது.

அந்த வீட்டுப் பனைகளில் ஏறுகிறவன் தங்கராஜ். பனை உச்சியில் இருந்து பார்த்தால் ஊரே தெரியும். ஆனால் அந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாகக் கால் வைக்க முடியாது. கும்பிடுகிற சாமி ஒன்றுதான். ஏறுகிறவன் வேறு, ஏறச் சொல்கிறவன் வேறு. இரண்டு பேரும் பேசிக்கொள்வது மிகக் கொஞ்சம். காதல் கதை என்று சொல்லிக் கொடுத்தால் இன்றைய பிள்ளைகள், எங்கே சார் காதல் என்று கேட்பார்கள். ஆசிரியர் ஆங்கிலப் பேராசிரியர். ஆனால் ஒரு வரியில்கூடப் படிப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. பனைவிளைக்காரர்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். முடிவைச் சொல்ல மாட்டேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் கதை திடீரென்று வேகம் எடுத்து, கொலை, வழக்கு என்று போகிறது. அந்த இடம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. லிஸி சும்மா ஜன்னலோரம் நிற்கிற பக்கங்களில்தான் நாவல் இருக்கிறது.

2021 மே மாதத்தில் இருந்து சாதா நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. கூட்டம் தாங்கவில்லை என்று என் பழைய சகாக்கள் சலித்துக்கொள்கிறார்கள். 'புத்தம் வீடு' படித்துப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். ஒருவரும் படிக்கவில்லை, அது வேறு விஷயம்.

நடுவில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடைய தன்வரலாற்றையும் படித்தேன். பெயர் வேண்டாம். மாவட்டம் மாவட்டமாக மாற்றல் ஆகிறார். எல்லா ஊரிலும் ஜீப் தயாராக நிற்கிறது. ஜீப் ஓட்டினவர் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை. நானோ ஓட்டுநரை நம்பிப் பிழைத்தவன். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாவது, பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்தது. நம்ம பக்கத்துப் புத்தகம். ஊர் எவ்வளவு அழகு, சுற்றி என்னென்ன மலை என்று ஆசையாகத்தான் ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஊரின் வரைபடம் விரிகிறது. தபால் ஆபீஸ், பஞ்சாயத்து போர்டு, பால் டிப்போ, பெரிய கடைகள், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு பக்கம். இவர்கள் தெரு இன்னொரு பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிற சின்னப் பிள்ளை, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டில் அண்ணன்தான் காரணத்தைச் சொல்கிறார். அந்தச் சிரிப்பு நின்ற இடத்தில் இருந்து புத்தகம் வேறு புத்தகமாகிவிடுகிறது.

நான் எழுந்து உட்கார்ந்தது பேருந்து வருகிற இடத்தில். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்கிறார். தெருவின் பெயரைச் சொன்னதும் இடம் மாறி உட்காருகிறார், இல்லையென்றால் இவரை மாறச் சொல்கிறார். அவர் எழுதியது அப்படியே நடக்கும். வத்திராயிருப்புப் பக்கம் ஓடிய வண்டியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். காலி இருக்கை இருக்கும். ஒரு பெண் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வரும். உட்காரும்மா என்றால், இருக்கட்டும் அண்ணே, பக்கத்திலதான் இறங்கணும் என்று பதில் வரும். கையில் இருப்பது கடைசி ஸ்டேஜுக்கான டிக்கெட். காரணம் வண்டியில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கட்டணம் வாங்கினோம். ஒரே பயணத்தைக் கொடுத்தோமா?

ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று பாமா கன்னியாஸ்திரி ஆகிறார். போன இடத்தில் வசதியானவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பாடம். ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்துவிடுகிறார். படித்துப் பெரிய ஆளாகி ஊர் திரும்பி எல்லாம் சுபம் என்று இந்தப் புத்தகம் முடிவதில்லை. வேலை இல்லை, கையில் காசு இல்லை, அடுத்து என்ன என்று தெரியவில்லை. அந்த நிலையில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறார். சாமிநாதையர் எண்பத்தைந்து வயதில் எல்லாம் முடிந்து திரும்பிப் பார்க்கிறார். இவர் முடியாத வழியின் நடுவில் நின்று பார்க்கிறார். இரண்டையும் தன்வரலாறு என்று ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம். வைக்கட்டும், பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டையும் சேர்த்து எடுப்பார்கள்.

நாலாவது பி.எச்.டேனியலின் 'எரியும் பனிக்காடு'. ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று 1969இல் வந்த நாவல். இரா.முருகவேள் தமிழில் கொண்டுவந்தார். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்குக் கதை கொஞ்சம் பழக்கம் இருக்கும், ஆனாலும் புத்தகம் வேறு. திருநெல்வேலிச் சீமையில் பஞ்சம் பிடித்த கிராமம். கறுப்பன், வள்ளி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. மேஸ்திரி வந்து மலையில் வேலை இருக்கிறது, கூலி இவ்வளவு என்று ஆசை காட்டி முன்பணம் கொடுக்கிறான். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்புகிறார்கள். கொஞ்ச காலம் உழைத்துக் காசு சேர்த்துத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

இறங்க முடியவில்லை. மழை, அட்டை, காய்ச்சல் எல்லாம் இருக்கிறது. ஆனால் மலையில் அவர்களைக் கட்டிப்போடுவது அதுவெல்லாம் இல்லை, கணக்கு நோட்டு. வாங்கின முன்பணம், அரிசி, கம்பளி எல்லாவற்றையும் கழித்தால் வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை, கடன்தான் நிற்கிறது. கணக்குத் தீர்க்கிற நாள் வரும் பக்கங்களை நான் இரண்டு தரம் படித்தேன். அடிதடி இல்லாத பக்கம்தான், படிக்க அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆழியாற்றில் இருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. இன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், ஊர் அழகான ஊர்தான்.

டேனியல் 1940களில் அங்கே தோட்டங்களில் டாக்டராகப் போனவர். தொழிலாளர்களோடு பழகி, அவர்கள் சொன்னதைக் கேட்டு, பிறகு தொழிற்சங்க வேலையிலும் இறங்கினவர். அவர் 'நான் கண்ட தோட்டங்கள்' என்று தன் அனுபவமாகவே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நாவலாக எழுதி, அதில் கறுப்பனையும் வள்ளியையும் நடுவில் வைத்தார். தான் போவதற்கு முந்தைய காலத்துக் கதை, பட்டவர்கள் வேறு ஆட்கள் என்பதால் 'நான்' என்று சொல்லக் கூசியிருப்பார் என்பது என் ஊகம். நாவலாசிரியராக அவர் பெரிய கைகாரர் என்று சொல்ல மாட்டேன். நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள், துரைகள் ரொம்பக் கெட்டவர்கள். இருந்தாலும் அந்தக் கணக்கு நோட்டை இவ்வளவு விவரமாக எழுதியது அவர்தான். மலைக்குப் போனவர்களே தங்கள் கையால் எழுதிவைத்த புத்தகம் ஒன்று என் கைக்கு இன்னும் வரவில்லை. கையெழுத்துப் போடவே விடாத இடத்தில் இருந்து புத்தகம் எப்படி வரும்?

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருடைய பாட்டன் பூட்டன் வால்பாறைக்கோ மூணாறுக்கோ மாஞ்சோலைக்கோ இலங்கைக்கோ போனார்கள் என்று கைதூக்கச் சொன்னால் பாதிக் கை எழும்பும். அதனால் நூலகர் அம்மாவிடம் ஒரு நோட்டு கேட்டிருக்கிறேன். நாளையில் இருந்து பத்திரிகை மேஜையில் இருக்கும். போனவர் பெயர், எந்த ஊரில் இருந்து, எந்த எஸ்டேட், முன்பணம் கொடுத்தது யார், திரும்பி வந்தாரா. தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும். எழுத வராதவர்கள் சாயங்காலம் வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன், சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன்.